வாலோடு வந்த கறி

என் கணவர் அப்துல் ஹக்கீம் மாரடைப்பால் இறந்தார் என்று சான்றிதழில் இருக்கிறது. அதை எழுதிய டாக்டர் நல்லவர். அவருக்குத் தெரிந்ததை எழுதினார். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

பேகம்பூரில் எங்களுக்கு ஆறு மேசை போட்ட ஒரு பிரியாணிக் கடை இருந்தது. தினமும் ஒரே ஒரு தேக்சா, அந்தப் பெரிய பாத்திரம் நிறையப் பிரியாணி. ஒன்றரை மணிக்குச் சோறு தீர்ந்தால் கடையையும் மூடிவிடுவோம். கறி, கிதர் முகம்மது அண்ணன் கடையிலிருந்து வரும். எங்கள் ஊரில் கறி வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். ஆட்டை உரிக்கும்போது வாலை மட்டும் தோலும் முடியுமாக விட்டுவைப்பார்கள். குட்டையாக மேல்நோக்கி நின்றால் வெள்ளாடு, நீண்டு தொங்கினால் செம்மறி. என் கணவர் அந்த வாலையும் சேர்த்து வாங்கிவந்து, கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மதியம் வரை மாட்டிவைப்பார்.

"வாயால வெள்ளாடுன்னு சொன்னா எவன் நம்புறான்? அது சொல்லட்டும்" என்பார்.

அருண்பாண்டி முதன்முதலில் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். அகரத்துக்காரன். 'இலைபோடு அருண்' என்று வீடியோ போடுகிறவன். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "மக்களே, பாய் கையில தேன் தடவிருக்காரு!" என்றான். காசு கொடுத்துத்தான் சாப்பிட்டான். அதையும் சொல்ல வேண்டும்.

மறுவாரமே கரூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கார்கள் வந்தன. ஒரு தேக்சா மூன்றானது. பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்தோம். இரண்டு மாஸ்டர்கள், நான்கு சப்ளையர்கள். இருபத்திரண்டு வருடத்தில் பார்க்காத வியாபாரத்தை எட்டு மாதத்தில் பார்த்தோம். என் மகள் இஃப்பத்தின் கல்லூரிக் கட்டணத்தை முதன்முறையாக ஒரே தவணையில் கட்டினோம். அந்த நல்லதை நான் மறைக்கவில்லை.

பிறகு அருண்பாண்டி மறுபடி வந்தான். மாதம் ஒரு வீடியோ, அதற்கு ஒரு தொகை, அதற்குப் பெயர் பேக்கேஜ் என்றான்.

"தம்பி, நீ சாப்ட்ட, நல்லாருக்குன்ன. சந்தோசம்" என்றார் இவர். "மாசாமாசம் என் சோறு நல்லாருக்குன்னு காசு வாங்கிட்டுச் சொன்னா அது என்னப்பு நாக்கு?"

"பாய், ஏத்திவிட்டவனுக்கு எறக்கவும் தெரியும்."

"எறக்கு. எனக்குப் பழைய ஒரு தேக்சா போதும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஒன்பது நாள் கழித்து வீடியோ வந்தது. ஆணியில் தொங்கிய கறுப்பு வாலை, அதன் நீளம் தெரியாதபடி, முடி மட்டும் திரை நிறையத் தெரியுமாறு எடுத்திருந்தான். பின்னணியில் ஒரு நாய் குரைக்கும் சத்தம். "நான் ஒண்ணும் சொல்லல மக்களே. எதோட வாலுன்னு நீங்களே பாருங்க" என்றான். அவ்வளவுதான். பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள்.

வால் பார்த்துக் கறி வாங்கும் ஊர்க்காரன் ஒருவன்கூட அதை நம்பவில்லை. ஆனால் பெரிதாக்கிய கடைக்கு வாடகை கட்டியது வெளியூர்க் கூட்டத்தின் காசில். அவர்களுக்கு வாலும் தெரியாது, எங்களையும் தெரியாது; வருவதை நிறுத்திவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பரிசோதனைக்குக் கறி எடுத்துப் போனார்கள். இரவில் யாரோ கடைக் கதவில் நாய் படம் வரைந்துவிட்டுப் போனார்கள். விடிந்ததும் இவரே வாளியில் சோப்புத்தண்ணி கலக்கித் தேய்த்தார். "போகமாட்டேங்குது மெஹராஜு" என்று கூப்பிட்டார். நான் போவதற்குள் கதவோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்தேன். ஓதிய நேரம் போக, மகளின் போனில் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். ஆறாயிரத்துச் சொச்சம். ஒன்றையும் விடவில்லை. கறிப் பரிசோதனை அறிக்கை வந்தது: வெள்ளாட்டு இறைச்சி. இஃப்பத் அதைப் படம் எடுத்துப் போட்டாள். இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள். ஒருவன், "பாய் செட்டப்" என்று எழுதினான்.

இத்தா முடிந்ததும் இஃப்பத், பிரியாணி மசாலா அரைத்து ஆன்லைனில் விற்கலாம் என்றாள்.

"அத்தாவ கொன்ன எடத்துலயாடி கடை போடப்போற?"

"ரோட்டுல வண்டி மோதி ஒருத்தர் செத்துட்டா ரோட்டையே மூடிருவாங்களாம்மா?"

"மோதுனவன் இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான திரியுறான்."

அவள் மசாலா அரைத்தாள், விற்றாள், அந்தக் காசில் நான் சாப்பிட்டேன். நான் காத்திருந்தது வேறொன்றுக்காக. அவன் வாயாலேயே அது பொய் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்தது அவனுக்கும் நடக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் அருண்பாண்டி பைபாஸில் சொந்தமாக பிரியாணி ஹோட்டல் திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி. கறி கிதர் அண்ணனிடம்தான் வாங்கினான். "தினம் இருவது கிலோ தாயி. வேணாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல" என்று அவரே வந்து சொன்னார். மறைக்காமல் சொன்னதால் மன்னித்தேன்.

போன ஆடியில் மதுரைக்காரி ஒருத்தி அந்த ஹோட்டலைப் பற்றி வீடியோ போட்டாள். செத்த ஆட்டுக்கறி என்றாள். இவனும் அவளுடைய பேக்கேஜை மறுத்திருந்தானாம். மூன்றே நாளில் மேசையெல்லாம் காலி. நான்காம் நாள் அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, செத்த நேரம் பேசணும்."

"உள்ள வா. பயப்படாத, நாய்க்கறி சமைக்கல."

தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தான். இளைத்திருந்தான். எனக்கு நன்றாக இருந்தது.

"கிதர் பாய் செத்த ஆட்டைத் தொடமாட்டாருன்னு ஒங்களுக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை லைவ்ல சொன்னாப் போதும்க்கா. என்னைய வெறுக்க வேண்டிய ஆளு நீங்க. நீங்களே நல்ல கறின்னு சொல்லிட்டா அதுக்கு மேல ஒரு சாட்சி கெடையாது."

ஒரு சாவிலிருந்துகூட வீடியோ எடுக்கத் தெரிந்த மூளை அது.

"மொதல்ல நீ சொல்லு, அன்னைக்கு என்ன செஞ்சன்னு. ஒன் சேனல்லயே சொல்லு. அப்புறம் நான் பேசுறேன்" என்றேன்.

லைவைப் போட்டுப் போனை இஃப்பத்திடம் கொடுத்தான். எங்கள் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னான். வெள்ளாட்டு வால் என்று தெரிந்தே எடுத்ததைச் சொன்னான். நாய் குரைக்கும் சத்தத்தைத் தனியாக ஒட்டியதைச் சொன்னான். பேக்கேஜையும் சொன்னான். "அப்துல் ஹக்கீம் பாய் சுத்தமான மனுசன்" என்றபோது அவனுக்கு அழுகை வந்தது. நிஜமான அழுகைதான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சொல்லுங்கக்கா."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"அம்மா... அம்மா, பேசுங்க" என்ற இஃப்பத்தின் குரல் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கூடத்தில் என் காலி நாற்காலியையும் அவனையும் ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஆறாயிரம் பேரைப் படித்தவள் நான்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அன்று அவனும் சொல்லவில்லை.

அவன் அடுப்படி வாசல் வரை வந்தான். "அக்கா, பதினோரு பேரு வேல பாக்குறாங்க" என்றான்.

"எங்ககிட்ட ஆறு பேரு பாத்தாங்க."

பத்தொன்பதாம் நாள் பைபாஸில் ஷட்டர் இறங்கியது. அவன் ஒப்புக்கொண்டதைப் பார்த்தவர்கள் இஃப்பத்தின் மசாலாவைத் தேடி வந்தார்கள்; ஒரு மாத ஆர்டர் ஒரு வாரத்தில் வந்தது. அவள் பொட்டலம் போட்டாள், என்னோடு பேசவில்லை. ஒரு தரம் மட்டும் கேட்டாள்: "நல்ல கறின்னு ஒங்களுக்குத் தெரியும்லம்மா?" தெரியும் என்றேன்.

போன வாரம் கிதர் அண்ணன் வந்தார். என் கணவரின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் ஒருவர். டீ கொடுத்தேன். கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"செத்த ஆடுன்னா அது என் கடை ஆடுதான தாயி. வெளியூர் ஓட்டலு ரெண்டு எங்கிட்ட கறி வாங்குறத நிறுத்திருச்சு. அவனுக்காக வேணாம். எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஒங்களுக்குச் சொன்னா அது அவனுக்கும் போய்ச் சேரும்ணே."

"சேரட்டுமே."

"சொல்ல மாட்டேன்."

டீயைக் குடித்து முடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்ப அவனுக்கும் ஒனக்கும் என்ன..." என்றவர் முடிக்காமல் போய்விட்டார்.

முடித்திருந்தாலும் என்னிடம் பதில் இருந்தது. அவன் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.