கயிற்றுக்காரனின் ஐந்து முடிவுகள்

இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். என் மனைவி பேபியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு என் கூடப்பிறந்த எமில்டா அக்காவிடம் வாங்கியதில் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி. முத்தையாபுரம் குடோனில் உரமூட்டை சுமக்கிறவன் அதை என்றைக்கு அடைப்பான்? அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் மகன் கிளைட்டன்தான் ஒரு வழி சொன்னான். கூட்டாளிகளோடு சேர்ந்து அவன் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தான்.

"ஒரு ஞாயித்துக்கெழமை வந்து நான் குடுக்கறதை வாசிச்சிருங்க மாமா. கடக்கரைக் குரலா வேணும். உங்க பாக்கிக்கு நான் அம்மாட்ட பேசிக்கிடுதேன்."

"எனக்கு வாசிப்பு நின்னு நின்னுதானல வரும்." நாற்பது வயதுக்கு மேல் கோயில் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் நான்.

"அப்படித்தான் வேணும். சங்கு குளிக்கறவரும் கயித்துக்காரரும் உள்ள கதை. ஆடுறவன்தான் கயித்துக்காரன். அவன் என்ன செய்தானோ அதுக்குத் தக்கன கதை மாறும். அஞ்சு விதமா முடியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கிளைட்டனின் அப்பா ஃபிராங்க்ளின் சங்கு குளித்தவர். எங்கள் பக்கத்தில், இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவளின் தாலியை அவன் கைவிடமாட்டான் என்று நம்பிக்கை. மச்சானின் கயிற்றைப் பிடித்தவன் நான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் காற்றுக்குழாய் அறுந்துபோய், நான் இழுத்து மேலே கொண்டுவந்தபோது அவருக்கு உயிர் இல்லை. மச்சினன் நடுவில் கயிற்றை விட்டுவிட்டான், அதனால்தான் பிந்திவிட்டது என்று தெருவில் பேசினார்கள். அக்காவும் கிளைட்டனும் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று தெரியாமலே அந்த வீட்டில் சாப்பிட்டு வந்தேன். கடலுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து போனேன். மாடி அறையில் சுவரெல்லாம் போர்வையும் பழைய மெத்தையும் தொங்கின. ஃபேனையும் நிறுத்திவிட்டான்.

"ஏலே, குடோன்லகூட காத்து உண்டு."

"ஃபேன் சத்தம் விழும் மாமா. பொறுத்துக்கிடுங்க."

திரையில் விரல் வைத்து எனக்கு வாசிக்க வராது என்று எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து வைத்திருந்தான். முதல் முடிவில் கயிற்றுக்காரன் நேரத்துக்கு இழுத்துவிடுகிறான். இரண்டு பேரும் கரையில் டீ குடிக்கிறார்கள். அதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தான். குரலில் சந்தோஷம் போதவில்லையாம். இன்னொன்றில் இழுக்கிறான், பிந்திவிடுகிறது. பிறகு அவனும் குதித்து இருவருமே திரும்பாத ஒன்று. குளிக்கிறவரே அடியில் கயிற்றை அறுத்துக்கொள்கிற ஒன்றும் இருந்தது. அதை வாசித்து முடிக்கும்வரை கிளைட்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆடுறவன் இத்தனையும் கேப்பானால?"

"ஒரு ஆட்டத்துக்கு ஒண்ணுதான். வேணும்னா முதல்ல இருந்து ஆடி அடுத்ததைப் பாப்பான்."

"நான் மட்டும் அஞ்சையும் ஒரே மூச்சுல பாக்கணும்."

"துட்டு வாங்கினவர் நீங்கல்லா."

கடைசித் தாளில் ஒரே வரி. மனதுக்குள் கூட்டி முடித்ததும் தாளை மடியில் வைத்துவிட்டேன். 'நான்தான் கயித்தை விட்டேன்.'

"கிளைட்டன், இதை நீ நம்புதியா?"

அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "தெரியலை மாமா. சின்னதுல தெருவுல இது ஒண்ணைத்தான் கேட்டேன். மத்த நாலும் நானா யோசிச்சது. எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாக்கணும்போல இருந்துச்சு."

"என்ட்ட கேட்டிருக்கலாம்லா."

"நீங்க சொல்லியிருக்கலாம்லா."

சண்டை போடத் தெம்பில்லை. சொன்னேன். "கயிறு என் கையிலதான் இருந்துச்சு. கீழ இருந்து கயித்துல ரெண்டு சுண்டு வந்தா இழுக்கணும். வரலை. வரலையேன்னுதான் இழுத்தேன். விடலை. கொஞ்சம் முந்தி இழுத்திருந்தா என்னாயிருக்கும்னு நானும் தினம் மனசுக்குள்ள ஆடிப் பாக்கேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி முடியுது."

அவன் கழற்றியதை மறுபடி காதில் மாட்டிக்கொண்டான். வேலை மிச்சம் இருந்தது. தாளை எடுத்து அந்த வரியை வாசித்தேன். ஒரே தடவைதான். அவனும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

பதிந்ததைச் சரிபார்க்க அவன் ஓடவிட்டபோது, அக்கா எலுமிச்சைத் தண்ணீரோடு படியேறி வந்தாள். என் குரலில் அந்தக் கடைசி வரி அவளுக்கும் கேட்டது.

தம்ளரை மேசையில் வைத்தாள். "இதை அழிச்சிருல."

"கேம்ல இந்த முடிவும் இருக்கணும்மா."

"அழின்னேன். உங்கப்பாவைக் கரையில எறக்கையில இவன் உள்ளங்கையில தோல் இல்லை. கயித்தை விட்டவன் கையா அது? நான் பாத்தேன்."

எட்டு வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏங்க்கா என்ட்ட சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? வந்தப்பல்லாம் சோறு போட்டேன்லா."

கிளைட்டன் எதையோ அழுத்தினான். திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்து நின்றது. "அழிக்கவான்னு கேக்குது மாமா. நீங்க சொல்லுங்க."

நான் தம்ளரைக் கையில் எடுத்தேன்.

"இருந்துட்டுப் போட்டும்ல. தெருவுல இது ஒண்ணுதான் கதை. இங்கன அஞ்சுல ஒண்ணு."

"கோட்டிக்காரப்பய," என்றாள் அக்கா. ஆனால் மறுபடி அழிக்கச் சொல்லவில்லை. நான் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"அம்மா, மாமா பாக்கி..." என்று ஆரம்பித்தான் கிளைட்டன்.

"எனக்குத் தெரியும்." அக்கா என் சட்டைப்பையைப் பார்த்தாள். "பையில என்னல வச்சிருக்க?"

"அறுநூறு. இந்த மாசத்துக்கு."

"அதைக் குடு. நாளைக்குச் சிலிண்டர் வருது, துட்டு குறையுது. மீதி இருபத்து மூவாயிரத்தை இனி வாயில எடுக்காத."

கொடுத்தேன். வேர்வையில் ஒட்டிப்போயிருந்த நோட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.