விடிஞ்சு பாக்கணும்

“இன்னொரு தடவை ஓட்டு!” என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மகள் செவலைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தெருமுனைக்கு ஓடினாள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைக் குதிரை எப்போதோ விட்டுவிட்டது. அவள்தான் இன்னும் விடவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், வார் அறுந்த செருப்போடு, குதிரைக்குச் சமமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற பெண்ணைப் பார்க்க எதிர்வீட்டு மாடியில் நாற்காலியே போட்டுவிட்டார்கள்.

உள்ளே அவள் அப்பா சாகக் கிடந்தார். இன்று சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட பெரியவர், டாக்டரை வாசல்வரை கண்ணாலேயே அனுப்பிவைத்துவிட்டு, “வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கு. அஞ்சு வருஷத்துல அந்தாளுக்கு முழங்கால் போயிரும்” என்றார். டாக்டர் காரில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டதை மகள் பார்த்தாள்.

அந்த வட்டாரத்தில் பெரியவரிடம் காட்டாமல் யாரும் வண்டிக் குதிரை வாங்கியதில்லை. தோளின் சரிவு, முதுகின் நீளம், குளம்புக்கு மேலே கணுவின் சாய்வு, பின்முழங்காலின் வளைவு எல்லாவற்றையும் அரைக்கண்ணால் அளந்து, எந்தக் கால் எந்த வயதில் கைவிடும் என்று சொல்லிவிடுவார். சந்தைச் சதுக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்த தளபதிக்குச் சிலை திறந்தபோது, “பின்னங்கால் ரொம்ப நேரா நிக்குது, பாரம் தாங்காது” என்றார். நகராட்சியில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது மழைக்கே அந்தக் கால் விரிசல் விட்டது. தளபதி இன்றைக்கும் ஒரு இரும்புக் கம்பியின் தயவில்தான் போருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அவர் பார்த்தது நடையைத்தான். “நல்ல கால். ரொம்ப தூரம் போகும்” என்றார். போயிற்று. திரும்பி வரவில்லை.

மகள் குதிரையை ஜன்னலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்ததால் அவருக்குக் குதிரையின் கால்கள் மட்டும்தான் தெரியும். அது போதும் என்று சொல்லியிருந்தார். மூஞ்சியா வண்டி இழுக்கப்போகிறது?

“அப்பா, சொல்லுங்க. எடுக்கலாமா வேண்டாமா?”

“கணுவுல சாய்வு நல்லா இருக்கு” என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சுச் செலவழித்து. “தோளும் மோசமில்ல.”

கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்த தரகர் நிமிர்ந்தார். பேச்சில் வழுக்குவதால் அவருக்கு ஊர் வைத்த பெயர் வெண்ணெய். “பெரியவர் வாயால இவ்வளவு வந்ததே பெரிசு, தங்கச்சி. கல்வெட்டுல வெட்டி வைக்கணும்.”

“அப்ப எடுத்துக்கலாமாப்பா?”

“விடிஞ்சு பாக்கணும்.”

மகளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. ஐம்பது வருஷமாக அவருடைய வழக்கம் அது. எந்தக் குதிரைக்கும் அன்றைக்கே பதில் சொல்லமாட்டார். ஓடின சூட்டில் எல்லாக் காலும் நல்ல கால்தான். ராத்திரி முழுக்கச் சும்மா நின்று, காலையில் கட்டுத்தறியிலிருந்து வெளியே வைக்கிற முதல் பத்தடியில்தான் கால் உண்மை பேசும் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். மறுநாள் காலை என்று ஒன்று கைவசம் இருப்பவர்களுக்கு.

“அப்பா, மரக்கிடங்குல நாளை மறுநாள் லோடு ஏத்தணும். குதிரை இல்லேன்னா வேலையை வேற வண்டிக்குக் கொடுத்துருவாங்க. நம்ம கிழவி இனிமே பாரம் இழுக்காது.”

கிழவி என்பது கொட்டகையில் நின்ற பெட்டைக் குதிரை. அவர் காய்ச்சலில் கிடந்தபோது மகள் தானாகவே பார்த்து வாங்கியது. எழுந்து வந்து பார்த்தவர், “முழங்கால் பின்னால வளைஞ்சிருக்கு. ரெண்டு வருஷம் தாங்காது” என்றார். பதினாலு வருஷம் ஆகிறது.

“நீங்க ரெண்டு வருஷம்னு சொன்ன கிழவிதானேப்பா இத்தனை வருஷம் சோறு போட்டுச்சு? ஒரு நாளாவது ‘நீ பாத்து வாங்குனது சரிதான்’னு சொல்லியிருக்கீங்களா?”

“அது எங்க காலால இழுத்துச்சு? பிடிவாதத்தால இழுத்துச்சு. இந்த வீட்டு ஆளுங்களோட பழகுன தோஷம்.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “ஓட்டு. கண்ண மூடிக்கிட்டுச் சத்தத்த மட்டும் கேக்குறேன்” என்றார்.

காப்பீட்டு ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி, நேற்று வந்தவன், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். “அக்கா, ஓட்டேன். இதுக்குப் போய் ஏன் மல்லுக்கு நிக்கிற?”

“நீ வந்து ஓடிப் பாருடா. உனக்கும் ரெண்டு காலு இருக்குல்ல?”

ஓடினாள். தெருமுனையில் திருப்பும்போது ஜன்னலைப் பார்த்தாள். தம்பி கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொரு தடவையாம்.

“சாகுறவரைக்கும் என் உசிர வாங்காம விடமாட்டார்” என்று குதிரையிடம் சொன்னாள். குதிரைக்கு மறுப்பில்லை. வீட்டைத் தாண்டி அந்தக் கோடிவரை ஒரே மூச்சில் ஓட்டி, அங்கே திருப்பி, குளம்புச் சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று கல் பாவிய ஓரமாகவே திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தாள். இப்படி நேர்த்தியாக அவள் அன்று முழுக்க ஓட்டவில்லை. ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி, இடுப்பில் கைவைத்து, “போதுமா?” என்று கத்தினாள்.

தம்பி வாசலில் நின்றிருந்தான். “நான் உன்னை உள்ள கூப்பிட்டேன்க்கா” என்றான்.

எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. தச்சர் சவப்பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டு போனார். தரகர் குதிரையை விட்டுவிட்டே போனார். “துக்க வீட்டுலேர்ந்து குதிரையப் பிடிச்சிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன மனுஷனா, வேற எதாவதா? இங்கேயே நிக்கட்டும். நாளைக்கு இதையே பூட்டிப் பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு நான் செய்யற மரியாதை.”

மரியாதைதான். ஆனால் அந்தச் சந்தையில் ஒரு விதி இருந்தது: குதிரையை உன் வண்டியில் பூட்டினால் அது உன் குதிரை. அது மகளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று தரகருக்கும் தெரியும். அவள் செவலையைக் கொண்டுபோய்க் கொட்டகையில் கட்டினாள். கிடங்கு நினைவிலேயே இருந்தது. கிழவி இடுகாட்டு மேடு ஏறாது. கணுவில் சாய்வு நல்லா இருக்கு என்று அவரே சொன்னார். அதற்குமேல் அவர் சொல்ல இனி வாய்ப்பும் இல்லை. தானே ‘சரி’ என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. குழந்தைகள் அழ, பெரியவர்கள் மணி பார்க்க, ஆட்கள் தெருவை அடைத்து நின்றார்கள். தரகர் சலவைச் சட்டையில், எல்லோருக்கும் முன்பே வந்திருந்தார்.

“நீங்க உள்ள இருங்க, தங்கச்சி. குதிரைய நான் கொல்லைப்பக்கமா ஒரு சுத்து நடத்திக் கூட்டிட்டு வந்து பூட்டிடறேன்.”

“சரி” என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். “எதுக்கு நடத்தணும்?”

“சும்மாதான். ராத்திரியெல்லாம் நின்ன காலு பாருங்க...”

“தம்பி, நீ போய்க் குதிரைய அவுத்து அப்படியே நேரா வெளிய கொண்டு வா.”

தம்பி கொண்டுவந்தான். கொட்டகை வாசலில் கல்தரை. மகள் பெட்டியையும் கூட்டத்தையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். செவலை இடது முன்னங்காலைக் கல்லில் வைத்தது. சுட்டதுபோல உடனே எடுத்தது. தலை மேலே எம்பியது. அடுத்த அடியிலும் அதே. நாலைந்து அடிக்குப் பிறகு கால் நீண்டது, தலை அடங்கியது. தெருவுக்கு வரும்போது படத்தில் வருகிற குதிரை மாதிரி நடந்து வந்தது.

“கட்டிப்போடு” என்றாள்.

“என்னக்கா விளையாடுற? அத்தனை பேரும் நிக்கிறாங்க. நல்லாத்தானே நடக்குது? மேடுவரைக்கும் இழுக்காதா?”

“இழுக்கும்டா. நாலு மாசம்கூட இழுக்கும். கிழவியக் கொண்டு வா.”

“அது போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்!”

“அவருக்கு அவசரமா? உனக்கு அவசரம்னா முன்னாலயே இடுகாட்டுக்குப் போய் உக்காரு.”

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. கிடங்கு மேலாளரும் கூட்டத்தில்தான் நின்றார். கிழவி வண்டியில் பூட்டப்படுவதைப் பார்த்தார்; பிறகு பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டிக்காரரைத் தோளில் தட்டித் தனியே கூட்டிக்கொண்டு போனார். மகளும் பார்த்தாள். அவ்வளவுதான், கிடங்கு போயிற்று.

ஊர்வலம் கிழவியின் வேகத்தில் போனது. துக்கத்தோடு வந்தவர்கள் கொஞ்ச தூரத்தில் சலிப்புக்கு வந்து, சந்தைச் சதுக்கத்தைத் தாண்டுவதற்குள் கொட்டாவிக்கு வந்து சேர்ந்தார்கள். நாய் ஒன்று முந்திக்கொண்டு போய்விட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பி வந்தது.

இடுகாட்டு மேட்டில் பாதி ஏறியதும் சக்கரம் நின்றது. கிழவி முழங்கால் நடுங்க, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. மகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தாள். தரகர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் அசையவில்லை. சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபக்கச் சக்கரத்துக்கு வந்தார்.

“அடுத்த வாரம் ஒண்ணு வருது, தங்கச்சி” என்றார், தள்ளிக்கொண்டே. “கறுப்பு. காலு நாலும் தூணு மாதிரி...”

“தள்ளுங்க.”

தள்ளினார். வண்டி மேலே ஏறியது. ஏறியதும் கிழவி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. குழிக்குப் பக்கத்திலிருந்து காவலாளி, சீக்கிரம் வாருங்கள் என்று மண்வெட்டியை ஆட்டினார்.

“போலாமாக்கா?” என்றான் தம்பி.

“இருடா. மூச்சு வாங்கட்டும்.”

தரகர் ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். மகள் கழுத்துப்பட்டையின் வாரை ஒரு துளை தளர்த்திவிட்டு, கிழவியின் முழங்காலைச் சுற்றிக் கையை வைத்தபடி குனிந்தே நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் வெயிலில் நின்று, ஒரு குதிரையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.