ஒளித்துக் குடித்த தேத்தண்ணி

இருமிக்கொண்டுதான் இராசையா கண் விழித்தான். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியின் பின்சுவரோரம், அரிசி மூட்டை அடுக்கின் உச்சியில் படுத்திருந்தான். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது. கீழே எட்டிப் பார்த்தான். இருட்டுக்குள் ஐந்தாறு இடங்களில் நீல நிறத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

கந்தகம்! காலையிலேயே கணக்குப் பார்க்கும் கிளாக்கர் தங்கத்துரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். எலியும் வண்டும் கடற்படைக்காரனின் அரிசியைத் தின்று தீர்க்கின்றன. ஆகவே இன்று வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சட்டிகளில் கந்தகம் கொளுத்திப் பூட்டுவார்கள், கதவிடுக்கெல்லாம் காகிதம் ஒட்டுவார்கள், ஞாயிறு காலைதான் திறப்பார்கள். எலிக்கே தப்ப வழியில்லாத இடத்தில் இராசையா எப்படித் தப்புவான்?

அவன் அங்கே ஏறிப் படுத்ததற்கும் காரணம் இருந்தது. அது நோன்பு மாதம். அவனோடு சோடி சேர்ந்து மூட்டை தூக்குகிற ஸெய்னுதீன், குறிஞ்சாக்கேணிக்காரன், பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டான். அப்படிப்பட்டவனின் முகத்துக்கு முன்னால் தேத்தண்ணி குடிக்க இராசையாவுக்கு மனம் வராது. நோன்பு தொடங்கிவிட்டால் போத்தலைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு, அடுக்கின் பின்பக்கமாக ஏறி, திருடனைப் போல ஒளித்துக் குடித்துவிட்டு இறங்குவான். இது ஒருவருக்கும் தெரியாது. இன்று ஸெய்னுதீனின் பங்கிலும் பாதியைச் சேர்த்துத் தூக்கிய களைப்பு. பாதிப் போத்தல் குடித்ததும் அப்படியே கண் அயர்ந்துவிட்டான்.

ஆனால் வில்லை எங்கே போனது? வேலையாள் ஒவ்வொருவனுக்கும் இலக்கம் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலையில் அதைக் கதவடிப் பலகையில் ஆணியில் மாட்ட வேண்டும். மாலையில் கழற்றி வாசல் படலையடியில் கிளாக்கரின் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு வில்லை ஆணியில் தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தேடாமல் பூட்டமாட்டார்கள்.

யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. மற்ற நாட்களில் ஸெய்னுதீன் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு ஓட வசதியாக அவனுடைய வில்லையையும் சேர்த்து இராசையாதான் பெட்டியில் போடுவான். சட்டத்துக்கு மாறானதுதான், ஆனாலும் கூட்டாளிகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இன்று இராசையாவைக் காணாமல், 'பாவம், தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருப்பான், வரிசையில் நின்று அலையாமல் இருக்கட்டும்' என்று ஸெய்னுதீன் இரண்டையும் கழற்றிப் போட்டிருப்பான். பெரிய உபகாரம் செய்திருக்கிறான், மகராசன்! உயிரோடு வெளியே போனால் அவன் கன்னம் இரண்டையும் பழுக்க வைப்பதென்று இராசையா முடிவு செய்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினான். கதவில் இரண்டு கையாலும் அடித்தான். "திறவுங்கோ! ஐயா! உள்ள ஆள் இருக்கு!" தடித்த தேக்கங்கதவு. வெளியே பாரந்தூக்கிகளின் இரைச்சல், கச்சான் காற்றின் இரைச்சல். கத்துவதற்காக இழுத்த மூச்சோடு புகையும் உள்ளே போனது. கீழேதான் அது கனத்து நின்றது. இருமி இருமி முழங்காலில் விழுந்தவன், தவழ்ந்து வந்து மறுபடியும் அடுக்கில் ஏறினான்.

மேலே, கை எட்டும் உயரத்தில் ஒரே ஒரு யன்னல். இரும்புக் கம்பியும் தடித்த கண்ணாடியும் போட்டு, வெளிச்சம் கசியாதபடி தார் பூசிய படங்குத் துணியை உள்ளே அடித்திருந்தார்கள். நகம் பிய்யப் படங்கைக் கிழித்தான். வெளியே பொழுது பட்டுவிட்டது. ஓர்ஸ் ஹில் குன்றுப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியைக் கம்பிக்குள்ளால் விட்டுக் குத்திப் பார்த்தான், ஓங்கிக் குத்த இடமில்லை, கண்ணாடி அசையவில்லை.

இந்த ஊரில் கத்துகிறவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? போன வருடம் சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இருட்டடிப்பு நேரத்தில் ஒரு பீடி பற்றவைத்தால் போதும், தெருக்காவல் வார்டன் விசிலோடு பறந்து வருவான்.

வெளிச்சம் வேண்டும். நெருப்புப் பெட்டி இல்லை. நெருப்போ கீழே இருந்தது.

தோளில் கிடந்த துவாயை மிச்சத் தேத்தண்ணியில் நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினான். சாக்குத் துண்டொன்றை மூட்டைக் கொக்கியில் சுற்றினான். போகாதே என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. மனைவி யோகம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கினான். கண்ணைத் திறக்க முடியவில்லை. சூடு முகத்தில் அடித்த திசையில் கொக்கியை நீட்டினான். சாக்கு பற்றிக்கொண்டது. ஒரு பொறி மூட்டையில் விழுந்தாலும் எலியோடு சேர்ந்து தானும் கரிதான் என்று தெரிந்தும், ஒற்றைக் கையால் ஏறினான்.

கொக்கியை யன்னலில் பிடித்து ஆட்டினான். விசில் ஊதியது.

"ஆரடா அது? விளக்கை நூரடா! ஊரையே கொல்லப் போறியோ?"

பதில் சொல்லக் குரல் வரவில்லை. நெருப்பை அணைத்தால் வார்டன் போய்விடுவான். அதனால் இன்னும் உயர்த்திப் பிடித்தான். வார்டனுக்கு ஆத்திரம் வந்து கல்லெடுத்து எறிந்தான். இரண்டாவது கல்லில் கண்ணாடி நொறுங்கியது. இராசையா கம்பிகளுக்கிடையே வாயை வைத்துக் காற்றைக் குடித்தான். ஆனாலும் புகை இப்போது அவனுடைய இடுப்பளவுக்கு வந்திருந்தது. கை சோர்ந்து, எரிகிற கொக்கி வெளியே விழுந்தது.

கீழே வேறு குரல்களும் கேட்டன.

"நாப்பத்திரண்டு வில்லையும் பெட்டிக்குள்ள கிடக்கு. உள்ள ஒருத்தரும் இல்லை எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?" அது தங்கத்துரை.

"ஐயா, அவன்ட வில்லையைப் போட்டது நான்! அவன் வெளியில வந்ததை நான் காணயில்லை. கஞ்சி வாங்கவும் வரயில்லை. நோன்புக் கஞ்சிக்கு அவன் ஒரு நாளும் வராம விட்டதில்லை. அங்க பாருங்க வெளிச்சத்தை! திறங்க ஐயா!"

அழுகிற குரல் அது. இராசையாவுக்குக் கேட்ட கடைசி வார்த்தையும் அதுதான்.

அவன் மறுபடியும் கண் திறந்தபோது மணலில் கிடந்தான். ஸெய்னுதீன்தான் உள்ளே ஓடி அவனை முதுகில் போட்டு இறக்கியிருந்தான். அவனும் நிறுத்தாமல் இருமிக்கொண்டிருந்தான். தங்கத்துரை இருவருக்கும் மேலே குனிந்து நின்றார்.

"மற்றவன்ட வில்லையில கை வைச்சா வேலை போகும் எண்டு தெரியாதோ, ஸெய்னுதீன்?"

ஸெய்னுதீன் தலையைக் குனிந்தான். வெடித்துப் போன அவன் உதடுகளை இராசையா பார்த்தான். அறைய வேண்டும் என்று வைத்திருந்த கை எழும்பவே இல்லை.

"நான்தான் ஐயா... போடச் சொன்னனான்," என்றான், கரகரத்த குரலில்.

தங்கத்துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே பார்க்காமல் பூட்டியது அவர்தான். "இனிமேல் அவனவன்ட வில்லையை அவனவன்தான் போடோணும்," என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டப் போனார்.

இராசையாவின் சாரத்துக்குள் செருகியிருந்த வெறும் போத்தலை ஸெய்னுதீன் உருவி எடுத்து மணந்து பார்த்தான்.

"மச்சான், அங்க மேல என்னடா செய்தாய்?"

இராசையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸெய்னுதீனுக்கு விளங்கிவிட்டது.

"மடையா! எனக்கு முன்னால குடிச்சா என்ட நோன்பு முறிஞ்சா போகும்?" என்று அழுதான். பிறகு மடியிலிருந்து தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தான். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லி எவ்வளவோ நேரமாகியும் அது நிறையத் ததும்பிக்கொண்டிருந்தது.

"நீ இன்னும் நோன்பு திறக்கயில்லையோ?"

"நீ குடி."

இராசையா போத்தலை வாங்கி, அவனுடைய முகத்துக்கு நேரே வைத்துக் குடித்தான்.