துருசு சேர்க்காத பசை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மாச்சத்து ஆய்வுக் கழகத்துக்கு ஐம்பது வயதாகிறது, வரலாறு எழுதித் தாருங்கள் என்றார்கள். ஐம்பது வருடம் மாவைப் பற்றியே பேசியவர்களிடம் என்ன கதை இருந்துவிடப்போகிறது என்று இளக்காரமாகத்தான் போனேன்.

முதல் தொடக்கம்: கிழங்கிலும் தானியத்திலும் உறங்கிக் கிடக்கும் ஆற்றலை மனிதகுலம்... (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: கழகத்தின் மூன்றாவது தேர்தலில் வாக்குகளைப் பூச்சி தின்றுவிட்டது. (இது தேவலை. ஆனால் இதைச் சொன்ன தட்டச்சு அம்மா, "எழுதிடாதீங்க தம்பி" என்று என் பேனாவையே பிடித்துக்கொண்டார்.)

2

தட்டச்சு அம்மா கழகத்தின் ஒரே ஊழியராக இருந்தவர். அந்தத் தேர்தலில் தலைவர் பதவிக்கு அவருடைய அண்ணன் நின்றார். பசையை ஆராய்ந்ததால் அவர் பசைக்காரர். எதிரே நின்றவர் ரொட்டிக்காரர்.

கழகத்துக்கு ஒரு வீம்பு உண்டு. கடைப் பசை வாசலைத் தாண்டக் கூடாது. வாக்குச்சீட்டு உறைகளைக்கூடச் சொந்தப் பசையால்தான் ஒட்டுவார்கள். அந்தப் பசை அண்ணன் காய்ச்சியது. பூச்சி வராமலிருக்கப் பசையில் துருசு என்கிற மயில்துத்தத்தைக் கலப்பது வழக்கம். அந்த முறை கலக்கவில்லை.

நாற்பது உறைகளும் மழைக்காலம் முழுக்க அலமாரியில் இருந்தன. எண்ணும் நாளில் அம்மா திறந்து பார்த்தால், வெள்ளிப்பூச்சிகள் பசையோடு உறையையும் சீட்டையும் தின்று தீர்த்திருந்தன. அடுத்த அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பூச்சி என்றால் அண்ணனின் பசை சந்தி சிரிக்கும். அண்ணன் ஜெயித்தார் என்றால் தங்கச்சி கைவரிசை என்பார்கள். அம்மா வெளியே வந்து ரொட்டிக்காரர் பெயரைச் சொன்னார்.

"ஏழு ஓட்டு வித்தியாசம். செல்லாத ஓட்டு ஒண்ணுகூட இல்ல."

(அந்த 'ஏழு ஓட்டு' என்றதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. பொய் எழுதிப் பிழைக்கும் எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்காது.)

3

அண்ணன் அதன்பிறகு கழகத்துப் படியை மிதிக்கவில்லை. இப்போது தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறார்.

"முப்பத்தெட்டு வருஷமா என் கையாலதான் சாப்பிடுறாரு. இது தெரிஞ்சா ஒரு வாய் தண்ணிகூட வாங்கமாட்டாரு தம்பி" என்றார் அம்மா. பயம்தான் அது, முழுப் பயம்.

வந்தது வம்பு. மெய்ப்புப் பார்க்கக் கழகம் தேர்ந்தெடுத்த ஆள் அண்ணன். பழைய சங்கதி தெரிந்தவர் வேறு யாரும் மிச்சமில்லையாம்.

4

முடிவு ஒன்று: பூச்சியை நீக்கிவிடுகிறேன். எல்லோரும் சௌக்கியம். (கதை செத்தது.)

முடிவு இரண்டு: அண்ணன் படித்துவிட்டுத் தட்டைத் தள்ளி... (அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் எதற்குக் கோபப்படுத்துகிறேன்?)

செய்தது இதுதான்: பூச்சியை எடுத்துவிட்டேன். ஆனால் எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு வரி விட்டுவைத்தேன். 'ரொட்டிக்காரர் ஏழு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த ஆண்டு பசையில் துருசு சேர்க்க மறந்துவிட்டார்கள்.'

5

மெய்ப்பு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையில் இப்படி இருந்தது:

'மறக்கவில்லை. சுத்தமான பசை என்று காட்டும் வீம்பில் நான்தான் சேர்க்கவில்லை. நாற்பது வாக்கும் செல்லும் என்றால் வித்தியாசம் ஏழு வராது, இரட்டைப்படையில்தான் வரும். அன்றைக்கே கணக்குப் போட்டேன். சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும். ஏழு அப்படியே இருக்கட்டும்.'

(முடிவு சொன்ன அன்று அறையில் அத்தனை விஞ்ஞானிகள். ஏழு என்றதும் கை தட்டினார்களாம். நானும் தட்டியிருப்பேன்.)

தாளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"அப்போ அன்னிக்கே தெரியுமா?"

மாடியிலிருந்து குரல் வந்தது. "யாரு, எழுத்துக்காரரா? சாப்பிட்டுப் போகச் சொல்லும்மா."

அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். மேலே போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்க ஆசைதான், கால் வரவில்லை. இதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். அம்மா சொன்னதை நீங்கள் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பசையில் துருசு சேர்ப்பது உங்கள் இஷ்டம்.