அலமாரிக் கதவு

…டார்சியின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாமல் இருந்தால் போதும், எடை, உயரம், பல், காது என்று முடித்துக்கொண்டால் போதும், ஆனால் ஹேசல் அப்படி விடுகிற நர்ஸ் இல்லை, பெற்றவர்களிடமிருந்து அரசாங்கம் வாங்கி வைத்திருக்கிற பிள்ளை என்றால் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்க்காமல் அனுப்பமாட்டாள், முதுகில்தானே இருக்கிறது அந்தக் காயம், நேற்று சிவப்பாக இருந்தது, இன்று காலை குளிப்பாட்டும்போது நீலம் பாரித்து… ஐயோ, பார்க்கிறவர்களுக்கு யாரோ குத்தியது போலத்தானே தெரியும்? சின்ன அடி பட்டாலும் அன்றைக்கே சமூகப் பணியாளர் கிரெய்கிடம் சொல்லிவிட வேண்டும், இத்தனை பிள்ளைகளை வைத்து வளர்த்தவளுக்கு இது தெரியாதா? ஞாயிற்றுக்கிழமையில் கிரெய்கைத் தொந்தரவு செய்வானேன், நாளைக்கு ஹேசலிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், புத்தி எங்கே போயிற்று எனக்கு…

"டார்சி, எவ்ளோ வளந்துட்ட! என்னடி போடுற இவளுக்கு, ஷீனா?" என்று ஹேசல் சிரிக்கிறாள். "ஓட்ஸ் கஞ்சியும் என் திட்டும்தான்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், திட்டு என்று ஏன் சொன்னேன், இன்றைக்குப் பார்த்தா? நடந்தது இவ்வளவுதான்… பிஸ்கட் டப்பாவுக்காகக் குனிந்தாள், நான் திறந்து போட்ட அலமாரிக் கதவு மேலே இருந்தது, வெடுக்கென்று நிமிர்ந்தாள், கதவின் முனை முதுகில் இடித்தது. அழவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, அழாமல் என் முகத்தையே பார்த்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் போலவே அரசாங்கப் பிள்ளைகளை வைத்து வளர்க்கும் மோராக்கின் வீட்டில் இருந்த பையனைக் கன்னத்துக் கீறலுக்காக அன்று மாலையே கூட்டிப்போனார்கள், விசாரித்து ஒன்றுமில்லை என்று ஆவதற்குள் அவன் வேறொரு வீட்டில் பழகிவிட்டான். டார்சியையும் அப்படிக் கூட்டிப்போனால்?

"ஸ்வெட்டரக் கழட்டுவோமா செல்லம்?" சொல்லிவிடு ஷீனா, இப்போதே சொல்லிவிடு… அதற்குள் ஸ்வெட்டரும் சட்டையும் மேலே போய்விட்டன, ஹேசலின் கை அப்படியே நிற்கிறது. "இது எப்படி ஆச்சு கண்ணு?" நான் வாயைத் திறக்கிறேன், டார்சி முந்திக்கொள்கிறாள். "படியில உருண்டு விழுந்துட்டேன். நானேதான் விழுந்தேன். ஷீனா அங்க இல்லவே இல்ல."

படியா? முட்டிவலிக்குப் பயந்து மாடியே இல்லாத வீடாகத் தேடிப் பிடித்தவள் நான், வாசலில்கூட ஒரு படி கிடையாது, போன மாதம் வந்து டீ குடித்துவிட்டுப் போன ஹேசலுக்கும் அது தெரியும். அம்மாவிடம் இருந்தபோது எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் இவள் இதையேதான் சொல்வாள், ஒரு வார்த்தை மாறாது என்று கிரெய்க் சொன்னாரே… அம்மாவைக் காப்பாற்றச் சொல்லிவந்ததை இன்று எனக்காகச் சொல்லியிருக்கிறாள், அப்படியென்றால் நானும் அடிப்பேன் என்று நினைத்தாளா, இல்லை என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறாளா? ஹேசல் என் பக்கம் திரும்புகிறாள், முகத்தில் சிரிப்பில்லை, அலமாரிக் கதவு என்று இனி நான் சொன்னால் யார் நம்புவார்கள்… டார்சி கழுத்தில் சுருண்ட சட்டையோடு என்னையே பார்க்கிறாள், சரியாகச் சொன்னேனா என்று.