வில்லாகிப் போன கட்டில்

என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். என் அக்கா பல் டாக்டர். நான் ஜன்னல் திரை தைப்பவன். வில்லைப் பார்த்தால் தோள் தினவெடுப்பது அவர்கள் இருவருக்கும்தான். எனக்கு ஊசிக் காதில் நூல் கோக்கிற அளவுக்குக் குறி பார்த்தால் போதும்.

இருவரும் ஒரே வில்வித்தை மன்றத்தில் இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை அங்கே ஒரு கிறுக்குத்தனமான போட்டி நடக்கும். கடையில் வாங்கிய வில் கூடாது. மரக்கடைக் கட்டையில் செய்ததும் கூடாது. ஏற்கெனவே வேறு ஏதோ பொருளாக இருந்து உழைத்த மரத்தில் அவரவர் கையால் வில் செய்து, முப்பது தப்படி தூரத்திலிருந்து மூன்று அம்பு விட வேண்டும். போன முறை அக்கா ஒரு பழைய கதவு நிலையை வில்லாக்கிக் கொண்டுவந்து என் மனைவியை இரண்டே புள்ளியில் தோற்கடித்தாள். அதோடு விட்டிருக்கலாம். பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு இது கொஞ்சம் நுணுக்கமான வேலைதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த மரச்சாமானுக்கும் நிம்மதி இல்லை.

முதலில் துடைப்பக் கட்டை போனது. பாதி வளைந்து, பட்டென்று இரண்டாகி, ஒரு துண்டு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அடுத்து, நான் துணி அளக்கிற நீளக் கோல். அது உடையவில்லை, வளைந்தது, வளைந்தபடியே நின்றுவிட்டது. அதை வைத்து அளந்தால் எல்லா ஜன்னலும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். மூன்றாவதாகப் புத்தகத் தட்டின் பலகை. அதைப் பற்றிப் பேச வேண்டாம், நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் பொத்தென்று விழுந்தேன். கட்டில் என்னை விழுங்கியது. மெத்தையைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் ஒன்று கழன்று, இடுப்பு உள்ளே போய், முழங்கால் மூக்கைத் தொட்டது. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். அடிபட்டதா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"ஏங்க, அப்படியே இருங்க. அசையாதீங்க."

"ஏன், முதுகுல ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லங்க. பக்கத்துச் சட்டம் ரெண்டும் உங்க மொத்த வெயிட்டையும் தாங்கிட்டு எப்படி வளையுது பாருங்க. உடையவே இல்ல."

மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி, நடுவில் லேசாக மேடு தட்டும்படி செய்த சட்டங்கள் அவை. இரண்டு வரிசையில் மொத்தம் இருபத்தெட்டு. கட்டில், எங்கள் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த பரிசு. அது நினைவுக்கு வந்ததும் என் மனைவியின் முகத்தில் பரவிய சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

வேலை சுலபமில்லை. இரண்டு சட்டங்களை ஒரு கைப்பிடிக் கட்டையில் எதிரெதிராகப் பொருத்தி ஒட்டினாள். நுனிக்குப் போகப் போக மெலியும்படி அரத்தால் ராவினாள். பிறகு சுவரில் ஒரு முளையில் மாட்டி, கயிற்றால் மெதுவாக இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பாள். எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுவாள். கொஞ்சம் கூடினால் போச்சு. முதல் ஜோடி அப்படித்தான் போனது. இரண்டாவதும். நான்கு ஜோடி விறகான பிறகு, அந்தக் கட்டிலில் படுப்பது தோணியில் படுப்பது போலிருந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அங்கே மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை.

நேற்றுவரை இருந்தது. சுவரைத் தடவித் தடவி மாடியிலிருக்கும் அவள் கிளினிக்குக்கு ஏறிப் போனால், அக்கா நோயாளிகளின் நாற்காலியில் கைப்பிடியில் மூன்றடியைச் சாய்த்து வைத்து, தலைக்கு மேலே விளக்கைப் போட்டு, பல்லைக் குடைகிற கருவியால் அதன் நுனியில் நாண் மாட்டும் வெட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். மீதி மூன்றடி நாற்காலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீ எதையும் பாக்கல," என்றாள் முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"எதைப் பாக்கல?" என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல காபி கிடைத்தது.

நான் வீடு திரும்பியபோது என் மனைவி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது ஜோடி அழகாக வளைந்திருந்தது. ஆனால் வில்லின் வெளிப்புறத்தில், இழுபடும் பக்கத்தில், தலைமுடி அளவு ஒரு சிராய் கிளம்பியிருந்தது. இன்னொரு முறை இழுத்தால் பிய்த்துக்கொள்ளும். முழுப் பேருந்தையும் வளைவில் பின்னால் எடுக்கத் தெரிந்தவள், அழாத குறையாக இருந்தாள்.

எனக்கு அந்தச் சிராய் புதிதாகத் தெரியவில்லை. இழுபடுகிற இடம்தான் கிழியும். அங்கே உள்துணி கொடுத்துத் தைப்பது என் அன்றாட வேலை. கையிருப்பில் இருந்த கெட்டியான லினன் துணியில், நெசவு நீளவாக்கில் வரும்படி ஒரு பட்டை வெட்டினேன். பசை தடவி, ஒரு சுருக்கம் இல்லாமல் வில்லின் முதுகில் இழுத்து ஒட்டினேன். நான்கு நாள் காயவிட்டு அவள் நாணை இழுத்தாள். வில் முனகவில்லை. வளைந்தது, வளைந்துகொண்டே போனது. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அறை முழுக்கச் சுற்றினாள். நான் ஒரு காலை மரத்தூளிலும் மறு காலைப் பசை டப்பாவிலும் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். படிக் கைப்பிடி மரத்தில் ஒரு கணு, கணுவுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். "தம்பி, துணி ஏதாவது ஒட்டினா நிக்குமாடா? அவகிட்ட மட்டும் சொல்லிடாத." கூடப் பிறந்தவள் கேட்கும்போது எப்படி மறுப்பது? மிச்சமிருந்த துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

போட்டியன்று மைதானத்தில் நூறு பேராவது இருந்தார்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, வீம்புக்கென்றே ஒரே நேரத்தில் உறையைப் பிரித்தார்கள்.

இரண்டு வில்லின் முதுகிலும் மஞ்சள் கிளிகள். குழந்தைகள் அறைத் திரைக்காக வாங்கிய துணி. ஒவ்வொரு கிளியின் வாயிலும் ஒரு பலூன்.

அக்கா என் மனைவியின் வில்லைப் பார்த்தாள். அவள் அக்காவின் வில்லைப் பார்த்தாள். பிறகு இரண்டு தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. நான் வானத்தைப் பார்த்தேன்.

"அண்ணி, இவரு உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தான். உன் கட்டில் சரியில்லன்னு வந்தான்."

"கட்டில் நீங்க குடுத்ததுதான். இதோ, கையில இருக்கு."

அக்கா கிட்டே வந்து சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். பல் மருத்துவராகி இருபது வருடத்தில் அவள் வாய் திறந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு என் மனைவியைத் தொற்றி, நடுவரைத் தொற்றி, அம்பு விட வேண்டிய நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப் போனது.

என் மனைவியின் முதல் அம்பு பறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு வருடம் நான் குறட்டை விட்டுப் படுத்த மரம், ஒரு துள்ளு துள்ளி அம்பை அத்தனை தூரம் எறிகிறது. இலக்கின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்துக்கு ஒரு விரல் பக்கத்தில் குத்தி நின்றது. மூன்று அம்பு முடிந்தபோது அவளுக்கு முப்பதுக்கு இருபத்துமூன்று. அக்காவுக்கும் இருபத்துமூன்று.

அப்போதுதான் ஓட்டுக்கூரை வேய்கிற ஒருவர், ஆள் உயர ஊன்றுகோலை ஊன்றி நொண்டி நொண்டி வந்தார். எல்லோரும் பதறி வழிவிட்டோம். அக்கா நாற்காலி போட்டாள். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு நாணை எடுத்து, ஊன்றுகோலின் இரு முனையிலும் மாட்டி, இரண்டு காலாலும் திடமாக எழுந்து நின்றார். கூரையிலிருந்து விழுந்து ஆறு மாதம் அந்தக் கோலோடு கிடந்தாராம். பொழுது போகாமல் அதையே இழைத்திருக்கிறார். கால் தேறத் தேறக் கோல் இளைத்திருக்கிறது. மூன்று அம்பு, இருபத்தொன்பது புள்ளி.

கோப்பை அவருக்குப் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரும் அவருடைய கோலை முகர்ந்து பார்க்காத குறையாக ஆராய்ந்தார்கள். பிறகு வில்லை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு அம்பு விட்டார்கள். அதன் பிறகு என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். ஒருத்தி முழங்கையைத் தூக்கினாள், ஒருத்தி முதுகை நிமிர்த்தினாள். இழுத்து விட்டேன். நாண் முன்கையில் சுளீரென்று அறைந்தது. அம்பு இலக்குக்கு மேலே, வேலிக்கும் மேலே ஏறி, வெயிலில் ஒரு கணம் மின்னி மறைந்தது.

"அட," என்றேன். "இன்னொன்னு குடு."