கதகதப்பில் தேறிவிடும் பேட்டரி

ஈஸ்டர் சனிக்கிழமை காலை எட்டு மணி. என் சமையலறை மேசையில், ரொட்டிக்கும் காபிக் கெண்டிக்கும் நடுவே, பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியின் பேட்டரி உட்கார்ந்திருந்தது. எதிரே என் கொழுந்தன் ஹெய்கா, கையில் மீட்டருடன், நாடி பார்க்கும் வைத்தியன் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பன்னெண்டு புள்ளி ஏழு வோல்ட், அண்ணி. கல்லு மாதிரி இருக்கு. பேட்டரியில ஒரு கோளாறும் இல்ல."

மூன்று நாளில் அவன் இதைச் சொல்வது நான்காவது தடவை.

"கோளாறு இல்லாத பேட்டரியா நேத்து என்னை மலை மேல கவுத்துச்சு? ஆறு கிலோமீட்டர் முழங்கால் பனியில நடந்து வந்திருக்கேன்."

"சாவிய ரொம்ப நேரம் திருகியிருப்பீங்க."

"ஆமாப்பா, ஆசையா இருந்துச்சு, திருகிக்கிட்டே இருந்தேன்."

பழைய வண்டியில் கயிறு இருந்தது. பேட்டரி படுத்தால் கயிற்றை இழுத்துக் கிளப்பிவிடலாம். போன வருஷம் வாங்கிய இந்த வண்டியில் கயிறே கிடையாது. வாங்கும்போது என் புருஷன் மாத்தேவும் ஹெய்காவும் அதைப் பெரிய முன்னேற்றம் என்று சொல்லிச் சிரித்தார்கள். மலையில் தனியாக நின்றவள் நான். பக்கத்து வீட்டுக்காரர் தன் மந்தைக்குக் கிளம்புமுன் என் வண்டியை வாசல் வரை இழுத்து வந்து விட்டுப் போனார்.

போன் அடித்தது. மாத்தே. இரண்டு நாளாக எங்கள் பனிமான் மந்தையோடு மேட்டில் இருக்கிறான்.

"ரிஸ்தென், மான்களுக்கு இருப்புக் கொள்ளல. எல்லாம் எந்திரிச்சு வடக்கப் பாத்து நிக்குது. மத்தியானத்துக்குள்ள கிளம்பிடும் போல. நான் மேற்க பாத்துக்கறேன். ஓடைப் பக்கத்துக்கு நீ வந்தாகணும்."

"வரேன்."

"வண்டி சரியாயிடுச்சா?"

"உன் தம்பி சரியாயிடுச்சுங்கறான்."

"அப்ப சீக்கிரம் வேற வழி பாரு" என்றான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பத்தின் மந்தை நிற்கிறது. எங்களுடைய நானூறு சினை மான்களும் ஓடையைத் தாண்டினால் இரண்டும் கலந்துவிடும். அப்புறம் பட்டியில் அடைத்து, யாருடைய மான் என்று காட்டும் காது வெட்டைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் மாதம், நிறைவயிற்றோடு நிற்கும் மான்களைப் பட்டிக்குள் விரட்டினால் எத்தனை கன்று தங்கும்? ஆறு வருஷத்துக்கு முன் ஒருமுறை கலந்தது. அந்த வசந்தத்தில் நான் பார்த்ததை யாரிடமும் சொல்ல எனக்குப் பிடிக்காது.

"அண்ணி, என் கார்லேர்ந்து ஒயர் போட்டுக் கிளப்பி விடறேன். போயிட்டே இருங்க" என்றான் ஹெய்கா.

"போய்?"

"போய் நில்லுங்க."

"நின்னா இன்ஜினை அணைக்கணும்ல?"

"அணைக்காதீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியைக் கீழே வைத்தேன். மான் காவலில் வண்டியை ஓட்டுவது கால்வாசி வேலை. அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் மீதி. நாள் முழுக்க இன்ஜின் உறுமினால் சினை மான் மேயுமா, படுக்குமா? கடல் வரைக்கும் ஓடும். இது ஹெய்காவுக்குத் தெரியாதா? நடக்கத் தெரிவதற்கு முன்பே மந்தையில் வளர்ந்தவன்.

"ராத்திரி சார்ஜ் போட்டேன் அண்ணி. இருபதே நிமிஷத்துல பச்சை விளக்கு வந்துடுச்சு. எவ்வளவு வேகமா ஏறுது பாருங்க!"

"பாதி குடம் கல்லா கிடந்தா தண்ணியும் சீக்கிரந்தான் ரொம்பும்."

எங்கள் ஊரில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. குளிரில் பேட்டரி படுத்தால் உடனே வீட்டுக்குள் தூக்கி வந்து அடுப்போரம் வைப்போம். பிறந்த குட்டியைப் போலக் கந்தல் துணி சுற்றுகிறவர்கள்கூட உண்டு. சூடேறியதும் மீட்டர் வைத்துப் பார்ப்போம். அடுப்போரத்தில் எந்தக் கிழட்டுப் பேட்டரியும் வாலிபன்தான். வெளியே போனதும் மறுபடி படுக்கும். மறுபடி தூக்கி வருவோம். நானும் மூன்று நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் மேல் எரிச்சல்படுவது என்று தெரியாமல், என் மேலும் கொஞ்சம் பட்டுக்கொண்டேன்.

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே பனியில் வைத்தேன். மைனஸ் இருபத்து நான்கு.

"ஐயோ அண்ணி! என்ன பண்றீங்க?"

"வேலை பாக்கற இடத்துல வச்சுப் பரீட்சை வைக்கறேன். பத்து மணி வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"பேட்டரி செத்துடும்."

"கல்லு மாதிரி இருக்குன்னியே."

அந்த இரண்டு மணி நேரமும் அவன் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தான். எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டியைப் போட்டுவிட்டுக் குடிக்க மறந்தான். மணியை மணியைப் பார்த்தான். பேட்டரி மேல் இவனுக்கு எதற்கு இத்தனை பாசம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குப் பேட்டரியை வண்டியில் வைத்து டெர்மினல்களை முறுக்கினேன். முதலில் பிளஸ், பிறகு மைனஸ். விரல் நுனிகள் மரத்துப்போயின. ஹெய்காவிடம் மீட்டரைக் கொடுத்து, "நான் ஸ்டார்ட் பண்றப்ப எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு" என்றேன்.

சாவியைத் திருகினேன். இன்ஜின் ஒரு முறை முனகியது. பிறகு டக், டக், டக்.

"எவ்வளவு?"

"பத்து" என்றான்.

"பத்து இருந்தா கிளம்பியிருக்குமே?"

"அப்ப ஸ்டார்ட்டர் மோட்டார்ல கோளாறு, அண்ணி."

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். மீட்டரை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "இப்ப நீ திருகு."

அவன் திருகினான். எண் சரிந்தது. ஒன்பது, எட்டு, ஆறு புள்ளி எட்டு.

"ஏழுகூட இல்ல. ஏன்டா பொய் சொன்னே?"

அவன் கண் ஒரு கணம் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே தார்ப்பாய்க்கு அடியில் அவனுடைய ரேஸ் வண்டி இருந்தது. இன்று இரண்டு மணிக்கு ஈஸ்டர் பந்தயம். அந்த வண்டியிலும் இதே அளவு பேட்டரி, இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது. வியாழன் தொட்டுக் கடைகள் பூட்டிக்கிடக்கின்றன, செவ்வாய்தான் திறப்பார்கள். ஊரில் ஓடுகிற வண்டி எல்லாம் அவரவர் மந்தையோடு மேலே இருக்கிறது.

மூன்று நாளாக அவன் பரீட்சை வைத்தது என் பேட்டரிக்கு அல்ல. தன் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டியவே எடுத்துட்டுப் போங்களேன்" என்றான் மெதுவாக.

"சைலன்ஸரைக் கழட்டிட்டு ராக்கெட் மாதிரி வச்சிருக்கே. அதைக் கேட்டா மான் கன்னு போடாது, உயிரையே விட்டுடும்."

"போன வருஷம் ரெண்டாவது வந்தேன், அண்ணி. அரை வண்டி நீளத்துல விட்டேன். வருஷம் பூரா இதுக்குத்தான்..."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிளம்பிடுச்சு!" மாத்தே மூச்சு வாங்கக் கத்தினான். "முன்னாடி போற கிழட்டு மான் ஓடைப் பக்கம் திரும்பிடுச்சு. அந்தப் பக்கத்து மந்தை இங்கேர்ந்தே தெரியுது. எங்க இருக்கே?"

"வாசல்ல" என்றேன். ஹெய்காவைப் பார்த்தபடியே சொன்னேன். "இன்னும் வாசல்லதான் இருக்கேன்."

கெஞ்சுவதற்கு எனக்கு நேரமில்லை, மனமும் இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்து அவன் ஸ்பேனரைப் பிடுங்கினான். தடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க கழட்டினா பிளாஸ்டிக்கை உடைப்பீங்க. தள்ளுங்க."

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கழற்றினான். என் வண்டியில் பொருத்தும்போதும் சொன்னான். சாவியைத் திருகியதும் இன்ஜின் ஒரே தடவையில் பிடித்தது. அதற்கும் ஒன்று சொன்னான். பிறகு என் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நீ எதுக்கு?"

"என் பேட்டரி போற இடத்துக்கு நானும் வரேன்."

"நம்ம மந்தையில உன் மானும் நூறு இருக்கு. அதுக்காகவும் வரலாம்."

"ஓட்டுங்க அண்ணி, பேசாம."

முக்கால் மணி நேரத்தில் ஓடையை எட்டினோம். ஆறேழு மான்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தன. மற்றவை மேட்டிலிருந்து வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன, கிழட்டு மான் முன்னால். வளைத்து இறங்கி, மான்கள் ஓடையைக் கடக்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ஹெய்கா எதிர்க்கரைக்குப் போய், தாண்டியவற்றைத் திருப்பி விட்டுவிட்டுக் கைகளை விரித்து நின்றான். இந்தக் கரையில் நான். மான்கள் நின்றன. கிழடு எங்களையே பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம்.

வழி விடுகிறோமா என்று அது மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓரமாய் மேய்ந்து மேய்ந்து வந்து சோதித்தது. இரண்டு தடவை கிளப்பிக் குறுக்கே போக வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் முதல் திருகலிலேயே பிடித்தது.

இரண்டு மணிக்கு, உறைந்த ஏரியைத் தாண்டி, ஊர்ப் பக்கமிருந்து பந்தய வண்டிகள் அலறும் சத்தம் மெலிதாக வந்தது.

"அது எர்கியோட வண்டி" என்று எதிர்க்கரையிலிருந்து முனகினான் ஹெய்கா. "மூணாவது கியர்ல திணறுது. இவனெல்லாம் ஜெயிக்கப் போறான்."

"வாயை மூடு, மான் மிரளும்."

வாயை மூடினான். கையை மட்டும் கீழே இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழட்டு மான் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் செய்தது. பிறகு தலையைத் திருப்பி, வந்த வழியே மேட்டில் ஏறத் தொடங்கியது. பின்னால் நானூறு வயிறுகள் ஆடி அசைந்து திரும்பின.